என்சிஎல்டி ஓகே பண்ண பிளானை, கம்பெனியை வாங்கினவங்க அப்புறம் மாத்த முடியுமா?

சார், நீங்க கேட்டதைச் சுருக்கமா ஒருதடவை சொல்லிடறேன், படிக்கற மத்தவங்களுக்கும் புரியும். அம்பத்தூர்ல சின்ன யூனிட் வச்சு ஒரு பெரிய கம்பெனிக்கு பார்ட்ஸ் சப்ளை பண்ணிட்டு இருந்தீங்க, அந்தக் கம்பெனி கடன் கட்ட முடியாம ஐபிசிக்கு, அதாவது திவால் சட்டத்துக்குள்ள, போயிடுச்சு, உங்க பாக்கியில ஒரு சின்ன பங்கைத் தரோம்னு கம்பெனியை மீட்கற ரெசல்யூஷன் பிளான்ல எழுதி என்சிஎல்டியும் (கம்பெனி வழக்குகளைப் பார்க்கற ட்ரிப்யூனல்) அதை அப்ரூவ் பண்ணிடுச்சு. இப்போ கம்பெனியை எடுத்தவங்க "மார்க்கெட் நிலைமை மாறிப்போச்சு, தவணையைத் தள்ளி வைக்கணும், சப்ளையர்களுக்குத் தர்ற தொகையையும் கொஞ்சம் குறைக்கணும்"னு மனு போட்டிருக்காங்க. கோர்ட் ஒருதடவை ஓகே சொன்னதை மாத்த முடியுமா, மாத்தறதா இருந்தா உங்களைக் கேக்கணுமான்னு கேட்டிருக்கீங்க.

நேரா சொல்றேன். தொகையைக் குறைக்கறது நடக்கக் கூடாது, சட்டம் அதுல ரொம்பத் தெளிவா இருக்கு. தவணைத் தேதி விஷயம் அப்படி இல்ல, அது சூழ்நிலையைப் பொறுத்தது, எச்சரிக்கையா இருக்க வேண்டிய இடமும் அதுதான். உங்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனா மனு போட்டு உங்க பக்கத்தைச் சொல்ற உரிமை இருக்கு, அதைப் பயன்படுத்தாம விட்டுடாதீங்க. ஏன் இப்படிங்கறதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும், ஏன்னா இந்தியாவுல கடன் சீரமைப்புக்கு ரெண்டு ரோடு இருக்கு, ரெண்டுலயும் கோர்ட்டோட பவர் நேர் எதிர். நிறைய பேர், சில சமயம் வக்கீல்களே, ஒண்ணுல இருக்கற தீர்ப்பை எடுத்துட்டு வந்து இன்னொண்ணுல வாதாடறாங்க.

முதல் ரோடு பழசு. கம்பெனி சட்டத்துல வர்ற "ஸ்கீம் ஆஃப் அரேஞ்ச்மென்ட்". கம்பெனி ஒரு திட்டம் போடும், கடன் கொடுத்தவங்களை வகை வகையா பிரிச்சு மீட்டிங் போட்டு ஓட்டு எடுக்கும், மதிப்புல முக்கால்வாசிக்கு மேல ஆதரவு இருந்தா கோர்ட்டுக்குப் போகும், கோர்ட் சரின்னா வேணாம்னு ஓட்டு போட்டவங்களையும் அது கட்டுப்படுத்தும். வெள்ளைக்காரன் காலத்து 1913 சட்டத்துலயே இது இருந்துச்சு. லாகூர்ப் பக்கத்துப் பீப்பிள்ஸ் பேங்க் ஆஃப் நார்தர்ன் இந்தியா திவாலாகி டெபாசிட்காரங்களுக்காக ஒரு ஸ்கீம் போட்டாங்க, அப்புறம் அதுல மாத்தம் பண்ணாங்க, அந்த வழக்கு அன்னைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. 1938ல பிரிவி கவுன்சில் சொன்னது என்னன்னா, ஓட்டு போட்டு சாங்ஷன் ஆன ஸ்கீமைக் கோர்ட் தன் இஷ்டத்துக்கு மாத்த முடியாது, மாத்தணும்னா மறுபடி அதே மீட்டிங், அதே ஓட்டு, அதே சாங்ஷன்னு முழுசா சுத்தி வரணும்.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1956 கம்பெனி சட்டம் இதை அப்படியே தலைகீழா மாத்திடுச்சு. 392வது பிரிவுன்னு ஒண்ணு புதுசா வச்சாங்க. ஸ்கீமை சாங்ஷன் பண்ண ஹைகோர்ட், அது நடக்கறதை மேற்பார்வை பார்க்கலாம், சாங்ஷன் பண்ற அன்னிக்கோ அதுக்கப்புறம் எப்ப வேணாலுமோ ஸ்கீம் ஒழுங்கா நடக்கறதுக்குத் தேவையான மாத்தத்தைப் பண்ணலாம், எவ்வளவு மாத்தினாலும் இது ஓடாதுன்னு தெரிஞ்சா கம்பெனியை மூடவும் உத்தரவு போடலாம். இங்கிலாந்து சட்டத்துல இப்படி ஒரு பிரிவு இல்ல. 1979ல எஸ்.கே. குப்தா வழக்குல சுப்ரீம் கோர்ட் இதை ரொம்ப விரிவா படிச்சுது. அந்த வழக்குல மாத்தினது தேதியோ தொகையோ இல்ல, ஸ்கீமைத் தூக்கி நடத்தறேன்னு முன்வந்த ஸ்பான்சரையே எடுத்துட்டு வேற ஆளைப் போட்டாங்க. அதுவும் 392க்குள்ள வர்ற மாத்தம்தான், கோர்ட்டுக்கு அந்த அளவுக்குப் பரந்த அதிகாரம் இருக்குன்னு தீர்ப்பு வந்துச்சு.

எல்லையே இல்லையான்னு கேட்டா, இருக்கு. 2010 மே 7ம் தேதி வந்த ரிலையன்ஸ் எரிவாயு வழக்கு ஞாபகம் இருக்கலாம், அம்பானி சகோதரர்கள் பிரிஞ்சப்ப போட்ட டிமெர்ஜர் (கம்பெனியைப் பிரிக்கற) ஸ்கீம், கேஜி பேசின் எரிவாயுவை என்ன விலைக்குத் தரணும்ங்கற சண்டை. அது கடன் ஸ்கீம் இல்லதான், ஆனா பிரிவு அதே 392. மெஜாரிட்டி தீர்ப்பை எழுதினவர் நம்ம ஈரோடு மாவட்டத்துக்காரரான நீதிபதி சதாசிவம். ஸ்கீமை ஓட வைக்கறதுக்காகக் கோர்ட் கை வைக்கலாம், ஆனா மெம்பர்கள் எதுக்கு ஓட்டு போட்டாங்களோ அந்த அடிப்படையையே மாத்தி வேற ஸ்கீமா ஆக்க முடியாதுன்னு அதுல கோடு போட்டாங்க. எனக்கு அந்தக் கோடு சரியான இடத்துல போட்டதாத்தான் படுது. 

2013 சட்டத்துல இதே விஷயம் 230, 231 பிரிவுகளா மாறி, 2016 டிசம்பர்ல இருந்து ஹைகோர்ட் கையில இருந்து என்சிஎல்டி கைக்குப் போச்சு. 231ல பழைய 392 கிட்டத்தட்ட அப்படியே இருக்கு, மேற்பார்வை, மாத்தற அதிகாரம் ரெண்டும். கூடவே 230ல கடன் சீரமைப்பு ஸ்கீம்னு தனியா பேர் சொல்லியே சில பாதுகாப்பு வச்சிருக்காங்க: மதிப்புல 75 சதவீத செக்யூர்டு கடன்காரங்க (சொத்தை ஈடா வாங்கிட்டுக் கடன் கொடுத்தவங்க) சம்மதம் இருக்கணும், மத்த கடன்காரங்களுக்கு என்ன பாதுகாப்புன்னு எழுதணும், சீரமைப்புக்கு அப்புறம் கம்பெனி கையில பணம் ஓடுமான்னு ஆடிட்டர் ரிப்போர்ட் வேணும், வேல்யுவேஷன் ரிப்போர்ட் வேணும். ஒரு குறையும் வச்சுட்டாங்க, மொத்தக் கடன்ல குறைஞ்சது 5 சதவீதம் உங்களுக்கு வர வேண்டியிருந்தாத்தான் ஸ்கீமை எதிர்த்து ஆட்சேபம் சொல்லலாம். சின்ன சப்ளையர் தனியா நின்னா அந்த 5 சதவீதத்தை எட்டவே மாட்டார்.

நடுவுல ரிசர்வ் பேங்க்கோட சிடிஆர் (கம்பெனிக் கடன் சீரமைப்பு) முறைன்னு ஒண்ணு 2001ல இருந்து பல வருஷம் ஓடுச்சு, அது பேங்குகளுக்குள்ள போட்டுக்கிட்ட ஒப்பந்தம்தான், கோர்ட்டுக்கு அதுல பெருசா வேலையில்ல, சப்ளையர்களுக்கு அதைவிட வேலையில்ல. அதை விட்டுடறேன்.

இப்போ ரெண்டாவது ரோடு, நீங்க மாட்டிக்கிட்டு இருக்கற ஐபிசி, 2016 சட்டம். இங்க கதை முழுக்க வேற. பிளான் வேணுமா வேணாமான்னு முடிவு பண்றது சிஓசி, அதாவது கடன் கொடுத்த பேங்குகளோட கமிட்டி, 66 சதவீத ஓட்டு. சப்ளையர்கள் பாக்கி மொத்தக் கடன்ல 10 சதவீதம் இருந்தா ஒரு பிரதிநிதி போய் உக்காரலாம், ஓட்டு போட முடியாது. கமிட்டி முடிவு பண்ணி அனுப்பினதை என்சிஎல்டி 30வது பிரிவுல சொன்ன சில விஷயங்கள் இருக்கான்னு மட்டும் பார்த்து 31ல அப்ரூவ் பண்ணும். வியாபார முடிவுல ட்ரிப்யூனல் மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு 2019 பிப்ரவரில சசிதர் வழக்குலயும் நவம்பர்ல எஸ்ஸார் ஸ்டீல் வழக்குலயும் சுப்ரீம் கோர்ட் அடிச்சு சொல்லிடுச்சு. முக்கியமா, 392 மாதிரியோ 231 மாதிரியோ "மாத்தலாம்"னு ஒரு பிரிவு ஐபிசில எங்கயும் கிடையாது.

கிடையாதுன்னா என்ன அர்த்தம்ங்கறது ஜேபி இன்ஃப்ராடெக் வழக்குல தெரிஞ்சுது. நொய்டாவுல ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணம் கட்டிட்டு வீடு வராம நின்ன கம்பெனி. அரசுக் கட்டுமானக் கம்பெனியான என்பிசிசியோட பிளானை 2020 மார்ச்ல டெல்லி என்சிஎல்டி அப்ரூவ் பண்ணுச்சு, ஆனா அப்படியே பண்ணல, சில அம்சங்களைத் தானே திருத்தி அப்ரூவ் பண்ணுச்சு. நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருப்பாங்க, வருஷக்கணக்கா இழுத்த வழக்கு. 2021 மார்ச் 24ல சுப்ரீம் கோர்ட் அது தப்புன்னுடுச்சு: பிளான்ல குறை இருந்தா சரி பண்ணிக் கொண்டு வாங்கன்னு கமிட்டிக்குத் திருப்பி அனுப்பணும், ட்ரிப்யூனல் பேனாவை எடுத்துத் திருத்தக் கூடாது. அதுக்கப்புறம் மறுபடி ஏலம், வேற கம்பெனி ஜெயிச்சு, அந்த பிளான் அப்ரூவ் ஆகறதுக்கு 2023 மார்ச் ஆயிடுச்சு. வீடு வாங்கினவங்களுக்கு எவ்வளவு வேதனையா இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. இருந்தாலும் அந்த விதி தப்புன்னு என்னால சொல்ல முடியல, காரணம் கீழ வருது.

2021 செப்டம்பர் 13ல எபிக்ஸ் தீர்ப்பு. உங்க மனுவுக்கு நேரா பொருந்தறது இதுதான், வக்கீல்கிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க. ஸ்மார்ட் கிளாஸ் பிசினஸ் பண்ணின எஜுகாம்ப் கம்பெனியை எபிக்ஸ் வாங்க வந்துச்சு, 2018 பிப்ரவரில கமிட்டி ஓகே பண்ணுச்சு, அப்ரூவலுக்கு என்சிஎல்டில கிடந்துச்சு கிடந்துச்சு வாய்தா மேல வாய்தா, நடுவுல கம்பெனி மேல விசாரணை எல்லாம் வந்துச்சு, 2019ல எபிக்ஸ் "நாங்க ஓகே சொன்ன கம்பெனி இது இல்ல, எங்களை விட்டுடுங்க"ன்னு கேட்டாங்க. என்சிஎல்டி விட்டுடுச்சு, என்சிஎல்ஏடி (அதுக்கு மேல இருக்கற அப்பீல் ட்ரிப்யூனல்) அதைத் திருப்பிடுச்சு, கடைசியில சுப்ரீம் கோர்ட் முடிச்சு வச்சுது: கமிட்டி ஓகே பண்ணி ட்ரிப்யூனல்ல தாக்கல் ஆனதுமே, ட்ரிப்யூனல் இன்னும் அப்ரூவ் பண்ணாட்டிக்கூட, வாங்கறவங்க பின்வாங்கவும் முடியாது, மாத்தவும் முடியாது. ஐபிசி 60(5)ல எல்லா விஷயத்தையும் விசாரிக்கலாம்னு பொதுவா ஒரு அதிகாரம் இருக்கே, அதைக் காட்டிப் புதுசா ஒரு வழியை உண்டாக்க முடியாது, வேணும்னா பார்லிமென்ட் சட்டம் போடட்டும்னு எழுதினாங்க. அப்ரூவலுக்கு முன்னாடியே இவ்வளவு கெடுபிடின்னா, உங்க விஷயத்துல அப்ரூவ் ஆகி எல்லாரையும் கட்டுப்படுத்தற உத்தரவா ஆனதுக்கப்புறம் தொகையைக் குறைன்னு கேக்கறதுக்கு எந்த நியாயமும் இல்ல.

இப்போ நான் மேல சொன்ன காரணம். பழைய ஸ்கீம்ல உங்களை மாதிரி சப்ளையருக்கு ஓட்டு இருந்துச்சு, தப்பாப் போனா மாத்தற பவரோட ஒரு கோர்ட்டும் இருந்துச்சு. ஐபிசில ஓட்டும் இல்ல, அந்த கோர்ட்டும் இல்ல. மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு, எழுதி அப்ரூவ் ஆன அந்த பிளான். அதுல 12 ரூபா தரேன்னு எழுதியிருந்தா அந்த 12 ரூபா மாறாதுங்கற உறுதி மட்டும்தான் உங்க கையில இருக்கற பாதுகாப்பு. அதனாலதான் "ட்ரிப்யூனலுக்குக் கொஞ்சம் நெகிழ்வு கொடுங்க, காலம் மாறுது, பிசினஸ்ல எல்லாம் சகஜம்"னு பெரிய வக்கீல்கள் பேசும்போது எனக்குக் கவலையா இருக்கு. அந்த நெகிழ்வுக்கு விலை கொடுக்கப் போறது யாரு? பேங்க் ரூம்ல உக்காந்து பேரம் பேசி வேற எதையாவது வாங்கிக்கும். அம்பத்தூர்லயும் கோயம்புத்தூர்லயும் லேத் போட்டு ஓட்டிட்டு இருக்கறவரைக் கேக்க அந்த ரூம்ல ஆளே கிடையாது.

ஆனா மாத்தக் கூடாதுன்னு விதி இருந்தா மட்டும் போதாது. மாத்தம் எப்பவும் மாத்தம்ங்கற பேர்ல வராது. அதுக்கு ஜெட் ஏர்வேஸ் மாதிரி உதாரணம் வேற இல்ல, கொஞ்சம் நிதானமா பாருங்க.

2019 ஏப்ரல் 17ல ஜெட் பறக்கறதை நிறுத்துச்சு. ஜூன்ல ஐபிசி. ஜெட்டை வாங்க வந்த ஜலான், ஃபிரிட்ச் கூட்டணியோட பிளானை 2021 ஜூன் 22ல மும்பை என்சிஎல்டி அப்ரூவ் பண்ணுச்சு. பிளான்படி முதல் தவணையா 350 கோடி கொண்டு வரணும். அது தவிர 150 கோடிக்கு பெர்ஃபார்மன்ஸ் பேங்க் கேரண்டி ஒண்ணு கொடுத்திருந்தாங்க. இந்த கேரண்டி எதுக்குன்னா, பிளானை ஒழுங்கா நிறைவேத்தறோம்ங்கறதுக்கு ஈடு, முழுசா முடியற வரைக்கும் உயிரோட இருக்கணும், ஏமாத்தினா பேங்குகள் அதை எடுத்துக்கலாம். பணம் வேற, ஈடு வேற. கூட்டணி பணம் கொண்டு வர்றதுக்கு நேரம் கேட்டாங்க, கிடைச்சுது, மறுபடி கேட்டாங்க, கிடைச்சுது. அப்புறம் 200 கோடி கொண்டு வந்துட்டு, பாக்கி 150 கோடிக்கு அந்த கேரண்டியையே கழிச்சுக்குங்கன்னாங்க. 2023 ஆகஸ்ட் 28ல என்சிஎல்ஏடி சரின்னுடுச்சு.

அந்த உத்தரவு என்ன பண்ணுதுன்னு பாருங்க. பேர் "மாடிஃபிகேஷன்" இல்ல, வெறும் "அட்ஜஸ்ட்மென்ட்". ஆனா வர வேண்டிய 350 கோடி ரொக்கம் 200 கோடி ஆயிடுச்சு, கையில இருந்த ஈடும் காலி. ரெண்டு பக்கமும் நஷ்டம், ஒரே வார்த்தையில. சுப்ரீம் கோர்ட் 2024 ஜனவரி 18ல இதை ஏத்துக்கல, ஜனவரி 31க்குள்ள 150 கோடியைப் பணமா கட்டுன்னுச்சு, கட்டல. அப்படியும் மார்ச் 12ல என்சிஎல்ஏடி கம்பெனியைக் கூட்டணிக்கு மாத்தறதை உறுதி பண்ணுச்சு. நவம்பர் 7ல அன்னைக்கு தலைமை நீதிபதியா இருந்த சந்திரசூட், பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா பெஞ்ச் அரசியல் சட்டத்தோட 142வது பிரிவுல தனக்கு இருக்கற தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, பிளானை முடிச்சு வச்சு ஜெட்டை லிக்விடேஷனுக்கு (கம்பெனியை மூடி சொத்தை விக்கறதுக்கு) அனுப்பிடுச்சு. 200 கோடி பறிமுதல், 150 கோடி கேரண்டியை பேங்குகள் எடுத்துக்கலாம்.

சட்டப்படி அந்தத் தீர்ப்புல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா பறக்கறதை நிறுத்தி அஞ்சரை வருஷம் கழிச்சு லிக்விடேஷன்னா, சம்பள பாக்கிக்காகக் காத்திட்டு இருந்த ஊழியர்களுக்கும் சப்ளையர்களுக்கும் என்ன மிஞ்சும்? ஐபிசி 53வது பிரிவு வரிசையில லிக்விடேஷன் செலவு, தொழிலாளர் பாக்கியும் செக்யூர்டு பேங்கும், மத்த ஊழியர் சம்பளம், அன்செக்யூர்டு கடன் கொடுத்தவங்க, அரசு பாக்கி எல்லாம் போய் அதுக்குக் கீழதான் சப்ளையர், கல்யாண வீட்ல கடைசிப் பந்தில உக்காந்தவன் நிலைமை. முதல் தவணைக்கு ரெண்டாவது தடவை நேரம் கேட்ட அன்னைக்கே ட்ரிப்யூனல் கறாரா இருந்திருந்தா இவ்வளவு மதிப்பு கரைஞ்சிருக்காது. கோர்ட் மேற்பார்வைன்னா பிளானோட வரிகளைத் திருத்தறது இல்ல, இருக்கற வரியை அந்தந்த தேதியில நிறைவேத்த வைக்கறது. இந்த ரெண்டாவது வேலையை நம்ம ட்ரிப்யூனல்கள் போதுமான அளவு பண்றதில்லங்கறதுதான் என் பெரிய ஆதங்கம்.

கறாரா இருந்து நடந்ததுக்கு சென்னையிலயே உதாரணம் இருக்கு. ஆர்கிட் ஃபார்மா. 2018 செப்டம்பர்ல ஒரு அமெரிக்க முதலீட்டுக் கம்பெனியோட பிளானை சென்னை பெஞ்ச் அப்ரூவ் பண்ணுச்சு, பணம் வரல, சில மாசத்துலயே 2019 பிப்ரவரில அந்த அப்ரூவலை ரத்து பண்ணிட்டு மறுபடி ஏலத்துக்கு விட்டாங்க, ஜூன்ல தனுகா லேபரட்டரீஸ் பிளான் அப்ரூவ் ஆச்சு. நடுவுல லிக்விடேஷன் மதிப்பை விடக் குறைவா இருக்குன்னு என்சிஎல்ஏடி தடுத்துச்சு, 2020 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் தனுகா பிளானையே திரும்ப நிலைநாட்டுச்சு. கம்பெனி இன்னைக்கும் ஓடுது. பணம் கொண்டு வராதவனுக்கு வருஷக்கணக்கா தேதி கொடுத்துட்டே இருந்திருந்தா ஆலை துருப்பிடிச்சிருக்கும்.

இனி தேதி விஷயம். இதுல கண்ணை மூடிக்கிட்டு ஒரே நாள் லேட்டானாலும் பிளான் செல்லாதுன்னு போனா என்ன ஆகும்ங்கறதை பூஷன் பவர் வழக்கு காட்டுச்சு. ரிசர்வ் பேங்க் 2017ல முதல்ல ஐபிசிக்கு அனுப்பச் சொன்ன 12 பெரிய வராக்கடன் கணக்குல ஒண்ணு, ஸ்டீல் கம்பெனி. அதை வாங்க வந்த ஜேஎஸ்டபிள்யூவோட பிளான் 2019 செப்டம்பர் 5ல அப்ரூவ் ஆச்சு, அடுத்த மாசமே அமலாக்கத்துறை 4,025 கோடி சொத்தை முடக்குச்சு, அந்தச் சண்டை எல்லாம் ஓடி 2021 மார்ச்லதான் பேங்குகளுக்குப் பணம் போச்சு, சுமார் 19,350 கோடி. 2025 மே 2ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு நீதிபதி பெஞ்ச் பிளானையே ரத்து பண்ணி லிக்விடேஷன்னுடுச்சு. லேட்டா பண்ணாங்க, ஈக்விட்டியா (பங்கு முதலீடா) போட வேண்டியதை மாற்றத்தக்க கடன் பத்திரமா போட்டாங்கன்னு காரணம் சொன்னாங்க, நாலு வருஷம் முன்னாடி வாங்கின பணத்தை பேங்குகள் திருப்பிக் கொடுக்கணும்னாங்க. மார்க்கெட்டே ஆடிப்போச்சு. ஜூலை 31ல அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்று, செப்டம்பர் 26ல அன்னைக்கு தலைமை நீதிபதியா இருந்த கவாய் தலைமையில மூணு பேர் பெஞ்ச் ஜேஎஸ்டபிள்யூ பிளானை உறுதி பண்ணுச்சு.

அதுல நீங்க கவனிக்க வேண்டியது, பிளான் அப்ரூவ் ஆனதோட கமிட்டியோட கதை முடியல, பிளான் முழுசா நிறைவேறற வரைக்கும் கமிட்டி உயிரோட இருக்குன்னு கோர்ட் சொன்னது. தாமதத்துக்கு வாங்கினவங்க காரணம் இல்லாம, கமிட்டியும் ஒத்துக்கிட்டு, கடைசியில எழுதின முழுத் தொகையும் வந்துடுச்சுன்னா தேதி தள்ளிப்போனதுக்காகப் பிளானையே கொல்ல வேண்டாம்ங்கறது நியாயம்தான். ஆனா இதையே உங்களுக்கு எதிரா திருப்புவாங்க. "பாருங்க, பூஷன்ல லேட் ஆச்சு, விட்டாங்களே"ம்பாங்க. பூஷன்ல சொத்தை அரசாங்க ஏஜென்சி முடக்கி வச்சிருந்துச்சு, மார்க்கெட் டல்லுங்கறது அந்த மாதிரி காரணம் இல்ல. தொகையும் அங்க குறையல. உங்க வக்கீல் இந்த வித்தியாசத்தை எழுத்துல போட்டே ஆகணும்.

வெளிநாட்டுல எப்படின்னு ஒரு வரி, ஏன்னா மனுவுல சிங்கப்பூர் தீர்ப்பு எல்லாம் தூக்கிட்டு வருவாங்க. சிங்கப்பூர் கம்பெனி சட்டத்துல ஸ்கீமை அப்ரூவ் பண்ணும்போதே கோர்ட் தனக்கு நியாயம்னு படற மாத்தத்தோடவோ நிபந்தனையோடவோ பண்ணலாம்னு எழுதியிருக்கு. இங்கிலாந்துல அது இல்ல, ஆனா அங்க அப்பீல் கோர்ட் உண்மையாவே உள்ள இறங்கிப் பார்க்குது, அட்லர்ங்கற ஜெர்மன் ரியல் எஸ்டேட் குரூப்போட பிளான் 2023 ஏப்ரல்ல சாங்ஷன் ஆகி நடைமுறைக்கும் வந்தாச்சு, 2024 ஜனவரில அப்பீல் கோர்ட் அந்த சாங்ஷனை ரத்து பண்ணுச்சு, எதிர்த்து ஓட்டு போட்ட கடன்காரங்களை மத்தவங்களுக்குச் சமமா நடத்தலைங்கற காரணத்துக்காக. ரெண்டு ஊருமே வேற சட்டம், ஐபிசிக்கு அப்படியே எடுத்துக்க முடியாது.

சரி, உங்க மனுவுக்கு வர்றேன். இந்த மாதிரி ஐஏ (இடைக்கால மனு) எப்படி இருக்கும்னா, முதல் பதினஞ்சு இருபது பக்கம் பிளான் வரலாறு, அப்புறம் மார்க்கெட் கஷ்டம், லைசென்ஸ் லேட், பவர் கனெக்‌ஷன் லேட்னு வரும். அதை எல்லாம் அப்புறம் படிங்க, முதல்ல நேரா கடைசிப் பக்கத்துல இருக்கற பிரேயருக்கு, அதாவது என்ன உத்தரவு வேணும்னு கேக்கற பகுதிக்கு, போங்க. அங்க அ, ஆ, இன்னு நாலஞ்சு வரி இருக்கும். "காலத்தை நீட்டி"ன்னு இருந்தா தேதி. "காலத்தை விலக்கி"ன்னு இருந்தா அதுவும் தேதிதான், ஆனா பின்தேதியிட்ட நீட்டிப்பு, இதுவரைக்கும் பண்ண மீறல் எல்லாம் மீறலே இல்லைன்னு ஆயிடும். "தெளிவுபடுத்தி"ன்னு ஒரு வரி இருந்தா ரொம்ப உஷாரா படிங்க, தொகைக் குறைப்பு பெரும்பாலும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும், உதாரணமா சப்ளையர் தொகைன்னா ஜிஎஸ்டி சேர்த்துத்தான்னு "தெளிவுபடுத்த" கேப்பாங்க, உங்களுக்கு அது நேரா வெட்டு. "கழிச்சுக்கொள்ள", "ஈடுகட்ட" மாதிரி வார்த்தை இருந்தா ஜெட் தீர்ப்பை எடுத்து வைங்க.

அடுத்து, அப்ரூவ் ஆன பிளான்ல உங்க பேர் வர்ற பத்தியையும் "எஃபெக்டிவ் டேட்"டுக்கு (பிளான் நடைமுறைக்கு வர்ற தேதி) என்ன அர்த்தம் கொடுத்திருக்காங்கங்கற பத்தியையும் பாருங்க. ஆபரேஷனல் கடன்காரங்களுக்கு (உங்களை மாதிரி சரக்கு கொடுத்துட்டுப் பணம் வர வேண்டியவங்க) பேங்குகளுக்கு முன்னாடி பணம் போகணும்ங்கறது திவால் வாரியமான ஐபிபிஐயோட விதிமுறையிலயே இருக்கு. பேங்குகளுக்கு ஒரு ரூபா போயிருந்து உங்களுக்கு வரலைன்னா அதுவே தனி மீறல், அதுக்கு மார்க்கெட் நிலைமை சாக்கு கிடையாது. மானிட்டரிங் கமிட்டி (பிளான் நடக்கறதைக் கண்காணிக்கற குழு) இருக்கான்னு பாருங்க, இருந்தா அவங்க ட்ரிப்யூனலுக்குக் கொடுத்த ரிப்போர்ட்டோட காப்பி கேட்டு மெயில் போடுங்க, கொடுக்கலைன்னா அந்த மெயிலையே மனுவோட சேருங்க.

அப்புறம் சென்னை ராஜாஜி சாலை என்சிஎல்டி பெஞ்ச்ல உங்க பேர்ல ஒரு இம்ப்ளீட்மென்ட் மனு, அதாவது என்னையும் கட்சியா சேருங்கன்னு. மத்த சப்ளையர்களையும் சேர்த்துக்குங்க, பத்து பேர் ஒரே மனுவுல வந்தா செலவும் குறையும், பெஞ்ச்சும் கவனிக்கும். கேக்க வேண்டியது மூணு விஷயம். தொகையில கை வைக்கற பிரேயரை எபிக்ஸ் அடிப்படையில முதல் கட்டத்துலயே தள்ளணும். தேதி நீட்டினா எங்க பங்கை எஸ்க்ரோ கணக்குல (நடுவுல ஒருத்தர் பொறுப்புல இருக்கற கணக்கு) உடனே கட்டற நிபந்தனையோட மட்டும் நீட்டணும். அந்தத் தேதியும் தவறினா பேங்க் கேரண்டியை எடுக்கணும்னு உத்தரவுலயே எழுதணும்.

ஐபிசி 33(3)ல பிளானை மீறினாங்கன்னு லிக்விடேஷன் கேக்கற உரிமையும் உங்களுக்கு இருக்கு, வேணும்னே தெரிஞ்சே மீறினா 74(3)ல ஒண்ணுல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் சிறைத்தண்டனைக்கும் இடம் இருக்கு. லிக்விடேஷனை மிரட்டலுக்காகக்கூட அவசரப்பட்டுக் கேக்காதீங்க, மேல சொன்ன வரிசையில உங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாமப் போகலாம். 74ஐ மனுவுல ஒரு பத்தியா வச்சா போதும், எதிர்த்தரப்பு டைரக்டர்கள் கண்ணுல அது கண்டிப்பா படும்.

உத்தரவு உங்களுக்கு எதிரா வந்தா அப்பீலுக்கு 30 நாள், நியாயமான காரணம் இருந்தா இன்னும் 15 நாள், அதுக்கு மேல ஒருநாள்கூட கிடையாது. அதனால உத்தரவு சொன்ன அன்னைக்கே சர்ட்டிஃபைடு காப்பிக்கு அப்ளை பண்ணிடுங்க. மனுவோட பிரேயர் பக்கத்தையும் பிளான்ல உங்க பத்தியையும் பேர் எல்லாம் மறைச்சுட்டு இங்க போட்டா, வரிவரியா பார்த்துச் சொல்றேன்.